தஞ்சை மராத்தியர் சத்திரங்கள்

தஞ்சை மராத்தியர் சத்திரங்கள் என்பன, தஞ்சாவூரை ஆண்ட மராத்திய அரச குடும்பத்தினர் 18 ஆம், 19 ஆம் நூற்றாண்டுகளில் இராமேசுவரம் செல்லும் வழிகளில் அமைத்த வழிப்போக்கர் இல்லங்கள் ஆகும். நடந்து செல்லும் பயணிகளுக்கு உணவும் தங்குமிடமும் மருத்துவமும் இவற்றில் இலவசமாக அளிக்கப்பட்டன. நீடாமங்கலம், ஒரத்தநாடு, ராசாமடம், மணமேல்குடி, மீமிசல் ஆகிய ஊர்களில் அமைந்த சத்திரங்கள் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றுட் பல, அரச குடும்பத்துப் பெண்களின் பெயரால் அழைக்கப்பட்டன.

இச்சத்திரங்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில் அமைக்கப்படவில்லை. ஒரு நாள் நடைத்தொலைவு, குடிநீர், ஆற்றைக் கடக்கும் இடம், உணவு கிடைக்காத நிலப்பகுதி ஆகியவற்றைக் கொண்டே அவற்றின் இடங்கள் அமைந்தன. பின்னர்ச் சத்திரத்தைச் சுற்றியே ஊர் வளர்ந்தது. தொடருந்து வந்தபின் பயணிகள் தங்கும் இடங்கள் மாறின. அதனால் சில சத்திர ஊர்கள் சந்திப்பு நிலையங்களாயின. சில, பயணிகளின் வழியிலிருந்து விலகின.

பெயர்

சத்திரம் என்னும் சொல், வேள்வியையும் அதனையொட்டி நடைபெறும் தொடர்ந்த கொடையையும் குறிக்கும் 'சத்ர' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. தமிழ்நாட்டு வழிகளில் பயணிகளுக்கென அமைந்த இடங்கள் பல பெயர்களால் வழங்கின.

சத்திரம் - தங்குமிடத்துடன் உணவும் இலவசமாக வழங்கும் இடம்.
சாவடி - தங்குவதற்கு மட்டும் உரிய மண்டபம் அல்லது கொட்டகை.
மடம் - துறவியரையோ ஒரு சமயப் பிரிவினரையோ சார்ந்த இல்லம்.
தண்ணீர்ப் பந்தல் - கோடைக்காலத்தில் நீரும் மோரும் வழங்கும் பந்தல்.
சுமைதாங்கி - தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி ஏற்றுவதற்காக, இரு கற்களின் மீது குறுக்கே வைக்கப்பட்ட கல்.

சோழர் காலத்தில் உணவளிக்கும் அறச்சாலைகளுக்கு விடப்பட்ட நிலம் சாலாபோகம் எனப்பட்டது. எனவே, வழிச்செல்வோர்க்கு உணவளிக்க நிலம் ஒதுக்கும் வழக்கம் காவிரிப் படுகையில் மராத்தியர் ஆட்சிக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது ஆகும்.

சேதுபாவாசத்திரம், அம்மாசத்திரம், ஒட்டன்சத்திரம் போன்ற ஊர்ப்பெயர்களிலும், திருச்சிராப்பள்ளியின் சத்திரம் பேருந்து நிலையத்தின் பெயரிலும் இச்சொல் இன்றும் நிலைத்துள்ளது.

வரலாற்றுப் பின்னணி

சிவாஜியின் மாற்றாந்தாய் வழிச் சகோதரரான ஏகோஜி 1676 ஆம் ஆண்டளவில் தஞ்சாவூரில் மராத்தியர் ஆட்சியை நிறுவினார். அவருடைய மரபினர் 1855 வரை அங்கு அரசர்களாக இருந்தனர். இவர்களுள் பிரதாபசிங் (1739–1763), இரண்டாம் துளஜா (1763–1787), இரண்டாம் சரபோஜி (1798–1832) ஆகியோர் காலத்தில் சத்திரப் பணிகள் சிறந்து விளங்கின.

காசியும் இராமேசுவரமும் ஒரே யாத்திரையின் இரு முனைகளாகக் கருதப்பட்டன. காசிக்குச் செல்வோர் கங்கை நீரைக் கொணர்ந்து இராமேசுவரம் இறைவனுக்கு நீராட்டுவதும், சேதுக்கரை மணலை எடுத்துச் சென்று பிரயாகையில் கரைப்பதும் மரபாக இருந்தன. இதனால் வங்காளம், காசி, மராத்திய நாடு, ஆந்திர நாடு ஆகிய பகுதிகளிலிருந்து புறப்பட்ட யாத்திரிகர் பலர் தஞ்சை நாட்டைக் கடந்தே சேதுவை அடைந்தனர். மொழி அறியாத, உறவினர் இல்லாத நாட்டில் பல நாட்கள் நடக்க வேண்டிய இவர்களுக்கு, அடுத்த இரவு எங்கே தங்குவது என்பது உயிரோடு தொடர்புடைய கேள்வியாக இருந்தது.

இரண்டாம் சரபோஜி 1820 முதல் 1822 வரை பெரும் பரிவாரத்துடன் தாமே காசி யாத்திரை மேற்கொண்டார்.

சேது சாலை

தஞ்சாவூரிலிருந்து இராமேசுவரத்திற்குக் கடற்கரை ஓரமாகச் சென்ற வழி சேது சாலை எனப்பட்டது. அது தஞ்சாவூரிலிருந்து தென்கிழக்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகக் கடற்கரையை அடைந்தது. பின்னர் மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், இராமநாதபுரம் வழியாக மண்டபம் சென்றது. அங்கிருந்து பயணிகள் படகில் பாம்பனை அடைந்தனர். கும்பகோணம் பகுதியிலிருந்து வந்தோர் தஞ்சாவூருக்குச் செல்லாமல், நீடாமங்கலம், மன்னார்குடி வழியாகத் தெற்கே செல்லவும் இயன்றது.

தஞ்சாவூரிலிருந்து இராமேசுவரம் வரை இவ்வழியின் நீளம் ஏறத்தாழ 250 கிமீ ஆகும். நாள் ஒன்றுக்கு 20 கிமீ நடந்தால் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று நாட்களில் இதனைக் கடக்கலாம். முதியோர், குழந்தைகள், நோயுற்றோர் ஆகியோருடன் செல்லும் குழுக்களுக்கு இதைவிடக் கூடுதலான நாட்கள் தேவைப்பட்டன.

தொண்டிக்குத் தெற்கே சேதுபதி மன்னர்களின் இராமநாதபுரச் சீமை இருந்தது. சேதுவின் காவலர் என்னும் பட்டத்தைக் கொண்டிருந்த அவர்களும் தம் நாட்டு வழிகளில் சத்திரங்களை அமைத்திருந்தனர். எனவே, நாடு மாறியபோதும் பயணிகளுக்கு உணவளிக்கும் ஏற்பாடு தொடர்ந்தது.

தங்குமிடங்களின் தேர்வு

சத்திரங்கள் அமைந்த இடங்களை நோக்கும்போது, அவற்றின் தேர்வுக்கு அடிப்படையான காரணங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

நடைத்தொலைவு

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு ஏறத்தாழ 23 கிமீ தொலைவில் உள்ளது. அங்கிருந்து பட்டுக்கோட்டையும் ஏறத்தாழ அதே தொலைவில் உள்ளது. காலையில் தஞ்சாவூரிலிருந்து புறப்படும் ஒருவர் மாலையில் ஒரத்தநாட்டையும், மறுநாள் மாலையில் பட்டுக்கோட்டையையும் அடையலாம். இவ்விரு பெரிய ஊர்களுக்கும் நடுவே ஒரு நாள் முடியும் இடமாக இருந்ததே ஒரத்தநாட்டின் சிறப்பு ஆகும்.

ஆறுகள்

கல்லணைக்குக் கீழே காவிரி, வெண்ணாறு ஆகியவற்றிலிருந்து பல கிளையாறுகள் பிரிகின்றன. நீடாமங்கலத்திற்கு அருகிலுள்ள மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. ஆறு பல கிளைகளாகப் பிரிவதற்கு முன்னர் அதனைக் கடப்பது எளிது. பிரிந்த பின்னர் ஒவ்வொரு கிளையையும் தனித்தனியே கடக்க வேண்டும். வெள்ளக் காலத்தில் நீர் வடியும் வரை பயணிகள் ஆற்றங்கரையிலேயே காத்திருக்க நேரிடும். ஆதலால் இத்தகைய இடங்களில் ஒரு சத்திரம் இன்றியமையாததாக இருந்தது.

பருவ காலம்

தென்மேற்குப் பருவமழையால் ஆனி, ஆடி மாதங்களில் காவிரியில் புதுவெள்ளம் வரும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையால் படுகை முழுவதும் நீர் தேங்கும். வயல் வரப்புகளும் மண்சாலைகளும் அப்போது நடப்பதற்கு ஏற்றவையல்ல. தை மாதத்தில் சம்பா அறுவடை தொடங்கி வயல்கள் காய்ந்தபின் நடைப்பயணம் எளிதாகும். இராமேசுவரத்தில் தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் பெருங்கூட்டம் கூடுவதால், மழை முடியும் காலத்திலும் வெள்ளம் வரும் காலத்திலும் வழியில் மக்கள் நிறைந்திருந்தனர்.

நெல் விளையாத நிலம்

இன்று நெல்வயல்களால் சூழப்பட்டுள்ள ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகள் அக்காலத்தில் காவிரிப் பாசனத்தைப் பெறவில்லை. புது ஆறு என வழங்கும் கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணையுடன் சேர்ந்து 1934 ஆம் ஆண்டிலேயே செயற்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னர் இப்பகுதி ஏரி நீரையும் மழையையும் நம்பிய மேட்டு நிலமாக இருந்தது. அதற்குத் தெற்கே கடற்கரை நெடுகிலும் மணலும் உப்பளங்களும் பனங்காடுகளும் இருந்தன.

படுகையின் நடுவிலுள்ள கோயில் நகரங்களில் மடங்களும் கோயில் மண்டபங்களும் உணவுக் கொடைகளும் ஏற்கனவே இருந்தன. அரசின் பெரிய சத்திரங்கள் பல, வளம் குறைந்த இந்தத் தெற்கு வழியில் வரிசையாக அமைந்தன. நெல் விளையும் நாட்டின் செல்வம், நெல் விளையாத வழியில் நடப்போர்க்குச் சோறாகச் சென்றது எனலாம்.

முக்கியச் சத்திரங்கள்

யமுனாம்பாள் சத்திரம், நீடாமங்கலம்: பிரதாபசிங்கின் அரசியான யமுனாபாயின் பெயரால் அமைந்தது. இதனால் நீடாமங்கலத்திற்கு யமுனாம்பாள்புரம் என்ற பெயரும் வழங்கியது. இவ்வூர் தற்போது திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது.

முக்தாம்பாள் சத்திரம், ஒரத்தநாடு: இரண்டாம் சரபோஜி தம் அன்பிற்குரிய முக்தாம்பாளின் நினைவாக 1802 ஆம் ஆண்டில் அமைத்தது. தம் பெயரால் ஓர் அன்னசத்திரம் அமைய வேண்டும் என்று அவர் இறக்கும் தறுவாயில் வேண்டினார் எனக் கூறப்படுகிறது. ஊர் முக்தாம்பாள்புரம் எனவும் வழங்கியது. பேச்சு வழக்கில் இது முத்தம்மாள் சத்திரம் எனப்படுகிறது.

மோகனாம்பாள் சத்திரம், ராசாமடம்: பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடற்கரைக்கு அருகில் அமைந்தது.

திரௌபதாம்பாள் சத்திரம், மணமேல்குடி: இப்பகுதி முன்பு தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்து, 1974 ஆம் ஆண்டில் உருவான புதுக்கோட்டை மாவட்டத்தில் சேர்ந்தது.

இராசகுமாராம்பாள் சத்திரம், மீமிசல்: தஞ்சை அரசின் சத்திரங்களுள் தெற்கே தொலைவில் அமைந்த ஒன்று. இவ்வூரும் தற்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளது.

இவையன்றி, சேதுபாவா என்னும் மராத்தியத் துறவியின் பெயரால் சேதுபாவாசத்திரம் என்ற கடற்கரை ஊர் அமைந்துள்ளது. அதன் அருகில் சரபேந்திரராசன்பட்டினத்தில், நெப்போலியனுக்கு எதிரான ஆங்கிலேயரின் வெற்றியைக் குறிக்கச் சரபோஜி கட்டிய மனோரா என்னும் கோபுரம் உள்ளது.

சத்திரங்களின் பணிகள்

சத்திரங்களின் நடைமுறைகளைப் பற்றி, தஞ்சையில் ஆங்கிலேயரின் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரின் என்பவருக்கு 1801 சனவரியில் சரபோஜி எழுதிய கடிதம் விரிவாகக் கூறுகிறது. அதில் கூறப்படும் செய்திகள் வருமாறு.

அந்தணர் முதல் பறையர் வரை எல்லாச் சாதியினருக்கும், பண்டாரங்கள், யோகிகள், பைராகிகள் ஆகிய துறவியருக்கும் உணவு அளிக்கப்பட்டது. சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் சமையற் பொருள்களும் வழங்கப்பட்டன. நள்ளிரவு வரை உணவு வழங்கப்பட்டது. பின்னர் மணி அடித்து, அதுவரை உண்ணாதவர்கள் அழைக்கப்பட்டனர்.

நோயால் பயணத்தைத் தொடர இயலாதவர்கள் நலம் பெறும் வரை தங்கவைக்கப்பட்டனர். நோய்களுக்கும் நச்சுக்கடிக்கும் மருத்துவம் அறிந்தவர்கள் அங்கே இருந்தனர். குழந்தைகளுக்குப் பால் வழங்கப்பட்டது. வழியில் பிள்ளை பெறும் பெண்கள் அங்கேயே தங்கிப் பேறுகாலப் பராமரிப்பைப் பெற்றனர். பயணத்தில் இறந்தவர்களுக்கு அவரவர் வழக்கப்படி இறுதிச் சடங்கு செய்யப்பட்டது. பெற்றோர் இறந்து தனித்து நின்ற குழந்தைகளை ஆசிரியர் பொறுப்பேற்று வளர்த்துக் கல்வி அளித்தார்.

சத்திரங்களில் பாடசாலைகளும் இருந்தன. ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் வேதக் கல்வியுடன் தமிழ், தெலுங்கு, மராத்தி, பாரசீகம், ஆங்கிலம் ஆகிய மொழிகளும் கற்பிக்கப்பட்டன. வழிப்போக்கர் இல்லமாகத் தொடங்கிய சத்திரம், இவ்வாறு மருத்துவமனையாகவும் பள்ளியாகவும் விளங்கியது.

கட்டடங்கள் செங்கல், சுண்ணாம்பு, மரம் ஆகியவற்றால் கட்டப்பட்டன. முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரங்களும் மரத்தூண்களும் மடைப்பள்ளியும் அருகே குளமும் இவற்றின் பொதுவான அமைப்பு ஆகும். குளம், குளிப்பதற்கு மட்டுமன்றிச் சமையலுக்கும் நீர் தந்தது.

மானிய நிலங்களும் 1799 உடன்படிக்கையும்

ஒவ்வொரு சத்திரத்திற்கும் சிற்றூர்களும் நிலங்களும் மானியமாக விடப்பட்டிருந்தன. அவற்றின் நெல்லும் வருவாயும் சத்திரத்தின் செலவுகளுக்குப் பயன்பட்டன. அரண்மனையிலிருந்து நாள்தோறும் பொருள் வராவிட்டாலும் அடுப்பு எரிவதற்கு இம்மானிய நிலங்களே காரணமாக இருந்தன.

1799 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, தஞ்சை நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. தஞ்சைக் கோட்டை மட்டும் சரபோஜியின் அதிகாரத்தில் இருந்தது. அவருக்கு ஆண்டுக்கு ஒரு இலட்சம் வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அளிக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. நாட்டின் நிலவரி முழுவதும் கம்பெனியின் நேரடிப் பொறுப்பில் வந்ததால், சத்திர நிலங்களும் பொது வருவாயில் சேர்க்கப்படக்கூடும் என்ற நிலை எழுந்தது.

மேற்கூறிய 1801 ஆம் ஆண்டுக் கடிதம் இந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டதாகும். சத்திரங்கள் தம் முன்னோர் நிறுவியவை என்றும், அவற்றின் நிலங்கள் தம் நிருவாகத்திலேயே தொடர வேண்டும் என்றும் சரபோஜி அதில் வேண்டினார். எனவே, அக்கடிதத்தில் காணப்படும் பணிகளின் பட்டியல் பெருமைக்காக எழுதப்பட்டதன்று. நிலம் கைமாறினால் நின்றுபோகக்கூடியவை எவை என்பதை எடுத்துக்காட்டுவதற்காக எழுதப்பட்டது. சத்திரங்கள் தொடர்ந்து இயங்கின. ஒரத்தநாட்டுச் சத்திரம் இக்கடிதத்திற்கு அடுத்த ஆண்டில் நிறுவப்பட்டது.

1855 ஆம் ஆண்டில் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தபின் தஞ்சை அரச பதவி நீக்கப்பட்டது. அதன்பின் சத்திரங்களை ஆங்கில அரசு நிருவகித்தது. 1871 ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டத்தைத் தொடர்ந்து அவை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டன. பின்னர்த் தஞ்சாவூர் மாவட்டக் கழகம் அவற்றை நிருவகித்தது.

தொடருந்தின் வருகை

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரையிலான தொடருந்துப் பாதை 1861 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1862 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி வரை நீண்டது. 1870களில் கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் சென்னை செல்லும் பாதையும் அமைக்கப்பட்டது. 1902 ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து மண்டபம் வரை தொடருந்து ஓடத் தொடங்கியது. 1914 ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் பயணிகள் கடலைத் தொடருந்திலேயே கடந்தனர். பன்னிரண்டு நாள் நடை, ஓர் இரவுப் பயணமாகக் குறைந்தது.

இதனால் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறியது. நடப்பவர் கால் ஓயும் இடத்தில் தங்கினார். தொடருந்தில் செல்பவர் வண்டி மாறும் இடத்தில் தங்கினார். புதிய சத்திரங்கள் தொடருந்து நிலையங்களுக்கு அருகில் கட்டப்பட்டன. சென்னை மத்தியத் தொடருந்து நிலையத்தின் அருகே சர் சவலை இராமசாமி முதலியார் அமைத்த சத்திரம் இதற்கு எடுத்துக்காட்டு ஆகும்.

நீடாமங்கலமும் ஒரத்தநாடும் இம்மாற்றத்தின் இரு விளைவுகளைக் காட்டுகின்றன. நீடாமங்கலம் நாகப்பட்டினம் - தஞ்சாவூர்ப் பாதையில் அமைந்ததால் தொடருந்து நிலையத்தைப் பெற்றது. மன்னார்குடிக்குச் செல்லும் கிளைப்பாதையால் சந்திப்பாகவும் ஆனது. நெடுங்காலம் மூடப்பட்டிருந்த அக்கிளைப்பாதை 2011 ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. ஒரத்தநாடு எந்தத் தொடருந்துப் பாதையிலும் அமையவில்லை. சேது சாலையின் முதல் நாள் தங்குமிடமாக இருந்த அவ்வூரை இன்றும் சாலை வழியாகவே அடைய வேண்டும்.

கடற்கரையை ஒட்டிய பகுதிக்குத் தொடருந்து வந்ததில் தஞ்சாவூர் மாவட்டக் கழகத்திற்குப் பங்கு உண்டு. அக்கழகத்தின் நிதியில் மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரையிலான பாதை 1894 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது பின்னர்ப் பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கி வரையும், 1952 ஆம் ஆண்டில் காரைக்குடி வரையும் நீட்டிக்கப்பட்டது. சத்திரங்களை நிருவகித்த அதே அமைப்பு, அச்சத்திரங்களின் தேவையைக் குறைத்த தொடருந்துப் பாதையையும் அமைத்தது குறிப்பிடத்தக்கது.

பயண முறிப்பு விதி

நெடுந்தொலைவுப் பயணத்தை இடையில் நிறுத்தி, ஓர் ஊரில் தங்கிப் பின்னர் அதே பயணச்சீட்டில் தொடர்வதை இந்திய இரயில்வே பயண முறிப்பு என்று குறிப்பிடுகிறது. 500 கிமீக்கு மேற்பட்ட பயணச்சீட்டுகளுக்கே இச்சலுகை உண்டு. 1000 கிமீ வரை ஒரு முறையும், அதற்கு மேல் இரு முறையும் பயணத்தை முறிக்கலாம். ஆனால் புறப்பட்ட இடத்திலிருந்து 500 கிமீ கடந்த பின்னரே முதல் முறிப்பு அனுமதிக்கப்படும். வந்து சேரும் நாளையும் புறப்படும் நாளையும் தவிர்த்து இரண்டு நாட்கள் தங்கலாம்.

இவ்விதியால், சென்னையிலிருந்து இராமேசுவரத்திற்குச் சீட்டு எடுத்த ஒருவர், ஏறத்தாழ 350 கிமீ தொலைவிலுள்ள தஞ்சாவூரில் அச்சீட்டைக் கொண்டு பயணத்தை முறிக்க இயலாது. அவர் தஞ்சாவூர் வரை ஒரு சீட்டும், அங்கிருந்து வேறொரு சீட்டும் எடுக்க வேண்டும்.

பிற நாடுகளில்

நாள் நடையின் அளவில் தங்குமிடங்களை அமைப்பது பல நாடுகளில் காணப்படுகிறது. எசுப்பானியாவின் சந்தியாகோ தே கொம்போசுதேலா நகருக்குச் செல்லும் கிறித்தவ யாத்திரிகர்களுக்காக மன்னர்களும் துறவற மடங்களும் வழியெங்கும் இல்லங்களை நிறுவினர். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று, பிரனீசு மலைக் கணவாயின் அடியில் உள்ள ரோன்செசுவாலெசு என்னும் சிற்றூரில் அமைந்தது. ஆல்ப்சு மலையில் பெரிய புனித பெர்னார்டு கணவாயிலுள்ள இல்லம் 11 ஆம் நூற்றாண்டில் தோன்றியது. இவையும் நகரங்களில் அன்றி, வழி கடினமாகும் இடங்களிலேயே அமைந்தன.

ஐரோப்பாவிலும் தொடருந்து இவ்வொழுங்கை மாற்றியது. 1972 ஆம் ஆண்டில் அறிமுகமான இன்டர்ரெயில் பயணச்சீட்டைக் கொண்டு பல நாடுகளைச் சுற்றும் பயணி, வண்டிகள் கூடும் சந்திப்பு நகரங்களையும் வண்டிகளின் நேரத்தையும் கொண்டே தங்கும் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார். ஆயினும் சந்தியாகோ வழியில் நடப்போர் இன்றும் உள்ளதால், அங்குள்ள நடைவழி இல்லங்கள் பயன்பாட்டில் உள்ளன. சேது சாலையில் நடப்போர் குறைந்ததால், தஞ்சைச் சத்திரங்கள் வேறு பணிகளுக்கு மாறின.

மாணவர் விடுதிகளாக மாற்றம்

வழிப்போக்கர் குறைந்தபின் சத்திரங்களின் வருவாய் கல்விப் பணிக்குக் கூடுதலாகப் பயன்பட்டது. ஒரத்தநாடு, ராசாமடம் ஆகிய ஊர்களில் பள்ளிகளும் மாணவர் விடுதிகளும் நடைபெற்றன. திருவையாற்றில் வடமொழிக் கல்லூரி ஒன்று சத்திர நிதியில் நடைபெற்றது.

காலப்போக்கில் விடுதிகளின் பயன் பிராமண மாணவர்களுக்கு மட்டுமே உரியதாயிற்று. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவரான த. வே. உமாமகேசுவரனார், நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான ஏ. டி. பன்னீர்செல்வம் ஆகியோர் இதனை எதிர்த்தனர். சத்திர நிதி எல்லோருக்கும் பொதுவானது என்பது அவர்களின் வாதமாகும். பன்னீர்செல்வம் 1924 முதல் 1930 வரை தஞ்சாவூர் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, விடுதிகள் பிற சமூக மாணவர்களுக்கும் திறந்துவிடப்பட்டன. திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ் வித்துவான் வகுப்பும் தொடங்கப்பட்டது; அது அரசர் கல்லூரி எனப் பெயர் பெற்றது.

1801 ஆம் ஆண்டுக் கடிதத்தில் உண்பதற்கு உரியவராகக் கூறப்பட்டோர் எல்லாச் சாதியினரும் ஆவர். நூற்றாண்டுக்குப் பின்னர், அதே அறநிலையத்தில் தங்கிப் படிக்கும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது என்பது இச்சத்திரங்களின் வரலாற்றில் கவனிக்கத்தக்கது.

மராத்தியர் கால நிருவாகக் குறிப்புகள் பல, மராத்தி மொழியில் மோடி எழுத்தில் எழுதப்பட்டவை. அம்மோடி ஆவணங்களின் தமிழாக்கத்தைத் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989 ஆம் ஆண்டில் வெளியிட்டது. சத்திரங்களின் அன்றாடச் செலவுகளையும் பணிகளையும் அறிய அவை உதவுகின்றன.

இன்றைய நிலை

சத்திரங்களுக்குரிய சொத்துகளை மாவட்ட ஆட்சியரின் கீழ் இயங்கும் சத்திரம் நிருவாகம் கவனித்து வருகிறது. பழைய கட்டடங்கள் பல சிதைந்துள்ளன. ஒரத்தநாட்டுச் சத்திரம் நெடுங்காலம் மாணவர் விடுதியாகப் பயன்பட்டது.

சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல் ஆகிய ஊர்களின் வழியாகத் தற்போது கிழக்குக் கடற்கரைச் சாலை செல்கிறது. பழைய சேது சாலையின் கடற்கரைப் பகுதிக்கு இதுவே அண்மையான வழி எனலாம். திருவாரூர் - காரைக்குடித் தொடருந்துப் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2019 ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட நாளில், தாம்பரத்திலிருந்து மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக இராமேசுவரம் செல்லும் விரைவுவண்டி தொடங்கிவைக்கப்பட்டது. இதன் மூலம், சத்திர யாத்திரிகர் நடந்து சென்ற பகுதியை ஒட்டி, இராமேசுவரத்திற்கு நேரடித் தொடருந்து கிடைத்துள்ளது.

இவற்றையும் பார்க்க

இரண்டாம் சரபோஜி
தஞ்சாவூர் மராத்திய அரசு
ஒரத்தநாடு
நீடாமங்கலம்
மனோரா
பாம்பன் பாலம்
சேதுபதி மன்னர்கள்